ஆடு தண்ணீர் குடித்ததா? பழைய கலர் ஸ்லைடுகளிலிருந்து ஆவணப்படம் எடுப்பது எப்படி

1996 ஆகஸ்ட் மாதம், திருப்பூருக்குக் கிழக்கே நொய்யல் கரையில் ஒரு படம் எடுத்தேன். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. டவுசர் போட்ட ஒரு பையன் குச்சியோடு நிற்கிறான். அவன் முன்னால் ஏழெட்டு ஆடுகள் தண்ணீரில் மூக்கு வைத்துக் குனிந்திருக்கின்றன. வீட்டுக்கு வந்து ஸ்லைடின் (அட்டைச் சட்டத்துக்குள் இருக்கும், நிறம் நேராகவே தெரிகிற பிலிம் துண்டு) அட்டையில், "சாயத்தண்ணி குடிக்கும் ஆடுகள், நொய்யல்" என்று எழுதி ஒரு வார இதழுக்கு அனுப்பினேன். அவர்கள் அதைக் கறுப்பு வெள்ளையில் உள்பக்கத்தில் போட்டார்கள். நிறம் போனதும் சேதியும் போய்விட்டது. ஆறு, ஆடு, சிறுவன், நல்ல வெளிச்சம். பார்த்தவர்கள், "என்ன அழகாக இருக்குது உங்க ஊர்" என்றார்கள்.

அன்றைக்கு வந்த கோபத்தில்தான் கலர் படம் எடுப்பவர்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படிக் கிடைத்தவர் சூசன் மைசலஸ். அமெரிக்கர், 1948-ல் பிறந்தவர், 1976-ல் மேக்னம் புகைப்படக் குழுவில் சேர்ந்தவர். 1978-ல் நிகரகுவாவில் மக்கள் எழுச்சி நடந்தபோது அங்கே போனார். கறுப்பு வெள்ளைக்கு ஒரு கேமரா, கலருக்கு ஒரு கேமரா என்று இரண்டு வைத்திருந்தார். போகப் போகக் கலரே முக்கியமாகிவிட்டது. போரைக் கலரில் காட்டலாமா என்று அந்தக் காலத்தில் அவரைக் கடுமையாக விமர்சித்தவர்கள் உண்டு. தீவிரமான விஷயம் என்றால் கறுப்பு வெள்ளை, கலர் என்றால் விளம்பரம் என்ற எண்ணம் பலருக்கு இருந்தது. எங்கள் ஸ்டுடியோ வட்டாரத்திலும் அதே எண்ணம்தான்: கலர் கல்யாணத்துக்கு, கறுப்பு வெள்ளை போட்டிக்கு.

என்னை உலுக்கியது அவர் அடுத்துச் செய்த காரியம். பத்து வருஷம் கழித்து, தான் எடுத்த படங்களைக் கையில் எடுத்துக்கொண்டு அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார். படத்தில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேச வைத்தார். ரிச்சர்ட் ராஜர்ஸ், ஆல்ஃபிரட் குசெட்டி ஆகியோரோடு சேர்ந்து அதை ஆவணப்படமாக எடுத்தார். 1991-ல் வெளிவந்தது. 2004-ல் மறுபடியும் போய், பழைய படங்களைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, எடுத்த இடங்களிலேயே மாட்டினார்.

நம் ஊரில் பரணில் ஸ்லைடு டப்பா வைத்திருக்கிற எவரும் இதைச் செய்யலாம். காங்கயம் பக்கம் இருந்துகொண்டு நான் செய்தேன். செய்த விதத்தைச் சொல்கிறேன், தப்புகளையும் சேர்த்து.

முதலில் டப்பாவை இறக்குங்கள். என்னுடையதில் பாதி ஸ்லைடுகளில் பூஞ்சை. சிலந்தி வலை மாதிரி கோடு கோடாகப் படர்ந்திருந்தது. ஈரத்துணியால் துடைக்காதீர்கள், அந்தப் புத்திசாலித்தனத்தை நான் செய்து நாலு படத்தை இழந்தேன். ஊதுகிற ரப்பர் பல்பால் தூசியை ஊதிவிட்டு, அப்படியே காப்பி எடுங்கள். ஸ்கேனர் வேண்டியதில்லை. அடியிலிருந்து சீராக வெளிச்சம் தரும் நல்ல லைட் பாக்ஸ், கிட்டத்தில் வைத்து எடுக்க மேக்ரோ லென்ஸ், ஆடாத ஒரு ஸ்டாண்டு இருந்தால் டிஜிட்டல் கேமராவிலேயே எடுக்கலாம். லைட் பாக்ஸ் வாங்கும்போது நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு (CRI) 95-க்கு மேல் இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். மலிவானதில் சிவப்பு செத்துப்போகும்.

ஸ்லைடில் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். மங்கல் பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டி எடுத்தால் இடம் வலமாகிவிடும். நான் மாற்றி வைத்து எடுத்ததைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஊருக்கே கொண்டு போய்விட்டேன். ஒரு அப்பாரு கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "ஏனுங்க, கோயலு வடகரையிலல்ல இருக்குது, தெக்கால எப்பப் போச்சு?" என்றார். ஆறும் மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. சரி, அவரால் ஒரு பாடம்.

காப்பி எடுத்த பிறகு கலரைத் திருத்த ஆசை வரும். கை வைக்காதீர்கள். பழைய ஸ்லைடு வெளுத்திருந்தால் வெளுத்ததாகவே இருக்கட்டும். என் கதையில் தண்ணீரின் நிறம்தான் சாட்சி, அதை நான் கூட்டினேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் படமே செத்தது. அதற்காகவே ஸ்லைடின் அட்டைச் சட்டமும் என் கையெழுத்தும் தெரிகிற மாதிரி ஒரு காப்பி தனியாக எடுத்து வைத்தேன்.

அடுத்தது ஆளைத் தேடுவது. இதில்தான் அதிக நாள் போகும். நான் அட்டையில் ஆற்றின் பெயரை எழுதினேன், ஆட்டை எழுதினேன், பையனின் பெயரை எழுதவில்லை. இன்றைக்குப் படம் எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்வேன்: ஆள் பெயர், அப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், மூன்றையும் எழுதி வையுங்கள். நம் பக்கம் ஆளின் பெயரைவிடத் தோட்டத்தின் பெயர்தான் நிலைக்கும். "புளியமரத்துத் தோட்டத்துக்காரர் பேரன்" என்றால் மூன்று ஊருக்கு அடையாளம் தெரியும். தேடப் போகும்போது பிரிண்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு காலை ஏழு மணி டீக்கடையில் உட்காருங்கள். போனில் காட்டினால் ஆளுக்கு ஒரு நொடி பார்த்துவிட்டுத் தருவார்கள். காகிதத்தில் காட்டினால் அது மேசையைச் சுற்றி வரும், வாதம் நடக்கும். எனக்கு மூன்றாவது டீக்கடையில் கிடைத்தது. ஒரு ஆத்தா பையனைப் பார்க்கவே இல்லை, ஆட்டைப் பார்த்து, "இது அவிய ஊட்டு ஆடு" என்றார்.

நான் தேடிப் போனபோது பையனுக்கு 39 வயது. ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிறார்.

அவரிடம் படத்தைக் கொடுக்கும் நேரம்தான் உங்கள் ஆவணப்படத்தின் உயிர், அதற்கு ஒரே ஒரு வாய்ப்புதான். முன்கூட்டியே போனில் அனுப்பாதீர்கள். டீக்கடையில் படம் சுற்றி வந்ததும் நான் அங்கேயே மடக்கிவிட்டேன், அவர் அதைப் பார்க்காதபடி. எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் பிரிண்ட், உறைக்குள். ஒரு கேமரா அவர் முகத்தில், இன்னொன்று கைகளில். இரண்டையும் ஓடவிட்ட பிறகுதான் உறையை நீட்ட வேண்டும். நீட்டியதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். "ஞாபகம் இருக்குதா?" என்று கேட்காதீர்கள், கேட்டால் "இருக்குதுங்க" என்பதோடு முடிந்துவிடும். புகைப்படக்காரனுக்கு இது கஷ்டம். க்ளிக் செய்துவிட்டு நகர்ந்து பழகியவன், ஒரு முகத்தை ஒரு நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கக் கை அரிக்கும். நான் மனசுக்குள் நூறு வரை எண்ணினேன். எழுபது வந்தபோது அவர் பேசினார்.

"குடிக்கலீங்ணா."

எனக்குப் புரியவில்லை.

"ஆடு தண்ணி குடிக்கலீங்ணா. மோந்து பாத்துட்டு நின்னுருச்சு. அக்கரைக்கு ஓட்டோணும்னு நாந்தான் அடிச்சு எறக்கி உட்டேன். ஒண்ணு கூட வாய் வெக்கல. நீங்க போனதுக்கப்புறம் எல்லாம் திரும்பிருச்சு."

27 வருஷமாக நான் எழுதிய படக்குறிப்பு பொய். ஒரு நொடியில் 125-ல் ஒரு பங்கு நேரம் திறந்த ஷட்டருக்கு, மோந்து பார்ப்பதும் குடிப்பதும் ஒன்றாகத்தான் தெரியும். நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. என் ஆவணப்படத்தின் தலைப்பே அந்த இடத்தில் மாறியது.

இங்கே ஒரு ஆசை வரும்: அவரை ஆற்றுக்குக் கூட்டிப் போய், ஆடுகளை மறுபடி இறக்கச் சொல்லி எடுத்தால் என்ன? வேண்டாம். நியூசிலாந்துக்காரர் பிரையன் பிரேக் 1960-ல் இந்தியாவில் பருவமழையைக் கலரில் எடுத்தார். அதில் முகத்தில் மழைத்துளி விழ நிற்கும் பெண்ணின் படம் உலகப் புகழ் பெற்றது. அந்தப் பெண் பின்னாளில் நடிகையும் இயக்குநருமான அபர்ணா சென். மழை வந்தது கல்கத்தாவில் ஒரு மொட்டை மாடியில், பூவாளியிலிருந்து. பின்னால் ஆவணப்படங்களும் எடுத்தவர் பிரேக், தொழிலில் பெரிய ஆள், படமும் அழகுதான். ஆனால் ஆடு குடித்ததா இல்லையா என்பதே கதையாக இருக்கும்போது, பூவாளியைக் கையில் எடுக்க முடியாது.

கேமரா விஷயத்துக்கு வருவோம். ஸ்லைடு பிலிம் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒன்று இன்றும் உதவுகிறது. அதில் வெளிச்சம் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூடினாலே வெள்ளை வேட்டி வெறும் வெள்ளையாகிவிடும், திருப்பிக் கொண்டுவர முடியாது. அதனால் வெளிச்சமான இடத்துக்கு மீட்டர் வைத்து, நிழலை அதன் போக்கில் விட்டுவிடுவோம். வீடியோவிலும் அப்படியே செய்யுங்கள், நம் பங்குனி வெயிலுக்கு வேறு வழி இல்லை.

புதிதாகக் கற்க வேண்டியது ஷட்டர். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ட்யூப் லைட் நொடிக்கு 100 தடவை மின்னும். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 50-ல் ஒரு பங்கு என்று வைத்தால் தறிக்கூடத்தில் படம் துடிக்காது. அதையே வெளியே வெயிலில் வைத்தால் ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் அளவு) 100-க்கு லென்ஸ் துளையை எஃப் 22 வரை சுருக்க வேண்டியிருக்கும். பின்னணி மங்கலாகத் துளையை எஃப் 5.6-க்குத் திறக்க வேண்டுமென்றால் நாலு ஸ்டாப் இருட்டாக்கும் என்.டி. பில்டர் போட வேண்டும். ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பை, ஆட்டோவில் விடவே கூடாது. மஞ்சள் மூட்டை ஒன்று குறுக்கே போனாலும் கேமரா பயந்து, எதிரே நிற்கிறவரின் முகத்தை நீலமாக்கும். ஒரு சாம்பல் அட்டையைக் காட்டி நிறுத்திவிட்டு எடுங்கள்.

செங்குத்துப் படமாக எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். எடுத்த காட்சியைப் பத்து நொடியாவது அசையாமல் வையுங்கள். அவ்வளவுதான் அதில்.

சத்தம்தான் பெரிய பள்ளம். புகைப்படக்காரன் காது இல்லாமல் முப்பது வருஷம் பிழைத்துவிடுவான். கையில் காசு கொஞ்சம்தான் என்றால் லென்ஸ் வாங்காதீர்கள், காலர் மைக்கும் ஹெட்போனும் வாங்குங்கள். நான் முதலில் எடுத்த இரண்டு மணி நேரப் பேட்டியில் விசைத்தறி மட்டும்தான் பேசியது. தறியை நிறுத்தச் சொல்லலாமா என்றால், கூடாது. ஓடுகிற அளவுக்குத்தான் கூலி, நம் படத்துக்காக அவர் ஏன் கூலியை இழக்க வேண்டும்? கரண்ட் போகும் நேரம் பார்த்து உட்காருங்கள். போனதும் ஒரு அமைதி வரும் பாருங்கள், தூரத்தில் மயில் அகவுவதுகூடக் கேட்கும். அதற்குள் பேசி முடிக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிஷம் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். எடிட்டிங்கில் ஒட்டுப்போட அதுதான் நூல்.

எடிட்டிங் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை, அக்கா மகன் செய்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, என் குரலை வெட்டச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒப்புதல் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். மைசலஸ் 1979 ஜூலை 16-ல் எஸ்தெலி நகரில் எடுத்த படத்தில், ஒரு இளைஞர் பெப்சி பாட்டிலில் தீ வைத்து எறியப் போகிறார். அந்த உருவம் தீப்பெட்டியிலும் சுவரிலும் எங்கெங்கோ ஏறியது. ஆனால் அவருக்குப் பாப்லோ அராவுஸ் என்று ஒரு பெயர் இருந்தது, அவர் எதற்கு எதிராக நின்றார் என்ற கதை இருந்தது. அதைப் படத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று மைசலஸ் பின்னாளில் வாதாடினார். எனக்கு வந்த சிக்கல் நேர் எதிரானது. என் ஆள் பாய்லர் வேலையில் இருக்கிறார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது மாசக்கணக்கில் வேலை இல்லாமல், ஆடுகளை விற்றுச் சாப்பிட்டதாகச் சொன்னார். ஆற்றுக்காகப் பேசினால் சோறு போகும், சோற்றுக்காகப் பேசினால் ஆறு போகும் என்ற இடத்தில் நிற்கிறார். பேட்டி முடிந்ததும் ஒரு முறை, எடிட் செய்ததைக் காட்டி இன்னொரு முறை கேட்டேன். முகம் இருக்கட்டும், பட்டறை மட்டும் வேண்டாம் என்றார். பட்டறைக் காட்சிகளை எடுத்துவிட்டோம். படம் கொஞ்சம் மெலிந்தது, பரவாயில்லை.

முதல் காட்சியை ஊரிலேயே வையுங்கள். தியேட்டரில் காட்டுவதென்றால் தணிக்கைச் சான்று வேண்டும். விழாக்களுக்கு அனுப்ப ஆசை இருந்தால், கோயமுத்தூரில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள், மற்றவர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்று தெரியும்.

போகும்போது பிரிண்ட் இரண்டாக எடுத்துப் போங்கள், ஒன்று அவர்களுக்கு. நான் ஒன்றுதான் கொண்டு போயிருந்தேன், மறுவாரம் பஸ் பிடித்து இன்னொன்று கொண்டு போய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், விரலால் ஓரத்தில் நின்ற கருப்பு ஆட்டைத் தொட்டார்.

"இத மட்டும் பெருசு பண்ணித் தருவீங்களாங்ணா? நான் படத்துல இல்லாட்டிப் போகுது."

வெட்டிப் பெரிதாக்கினேன். புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. அவர் வீட்டு நடையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.