வீடு கட்டும் முன் டிசம்பர் நிழலை வரைந்து பாருங்கள்

சோலார் பேனலுக்கு இடம் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே வெயிலில் மாடியைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். அப்போது நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும், நிழலே தெரியாது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்ததும் பக்கத்துக் கட்டடமும் நம் தண்ணீர்த் தொட்டியும் பேனல் மேல் படுத்துக்கொள்ளும். அதனால் கணக்கை டிசம்பர் 21-க்குப் போடுங்கள். கட்டம் போட்ட தாள், ஸ்கேல், அளவு டேப் இருந்தால் போதும். கீழே உள்ளவை சென்னைக்கான எண்கள்.

1. வடக்கைக் கண்டுபிடித்தல்

போன் திசைகாட்டியை மாடியில் நம்ப வேண்டாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி அதை இழுத்துவிடும். தூக்குக்குண்டு பிடித்து ஒரு குச்சியைச் செங்குத்தாக நடுங்கள். அன்றைய மிகக் குட்டையான நிழல்தான் வடக்கு-தெற்குக் கோடு. டிசம்பர் 21 அன்று சென்னையில் அது சுமார் 12.07 மணிக்கு விழும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் நிழல் தெற்கே விழும் என்பதை மறந்தால் வீடே தலைகீழாகிவிடும்.

2. உயரம்

பக்கத்து வீட்டுக்கு மாடி ஒன்றுக்கு 10 அடி, கைப்பிடிச் சுவருக்கு 3 அடி என்று வையுங்கள். அதிலிருந்து உங்கள் பேனல் நிற்கும் உயரத்தைக் கழியுங்கள். மிச்ச உயரம்தான் நிழல் தரும்.

3. பெருக்கல்

மிச்ச உயரத்தை இந்த எண்களால் பெருக்கினால் நிழலின் நீளம் கிடைக்கும்.

- காலை 9: மேற்கே 1.2 மடங்கு, வடக்கே 1 மடங்கு
- நண்பகல்: வடக்கே 0.74 மடங்கு
- மாலை 3: கிழக்கே 1.2 மடங்கு, வடக்கே 1 மடங்கு

தெற்கே போகப் போக நண்பகல் நிழல் குறுகும், கன்னியாகுமரியில் 0.61.

4. தண்ணீர்த் தொட்டி

கணக்கு அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். வாஸ்துப்படி கன்னி மூலையில் (தென்மேற்கில்) 8 அடி படிக்கட்டு அறை, அதன் மேல் 5 அடித் தொட்டி, ஆக 13 அடி. பேனல் 2 அடி உயரத்தில் இருந்தால் மிச்சம் 11. மாலை 3 மணிக்கு நிழல் கிழக்கே 13 அடி, வடக்கே 11 அடி ஓடும். ஒரே ஸ்ட்ரிங்கில், அதாவது ஒன்றோடொன்று தொடராக, கோத்த பேனல்களில் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் குறையலாம். நிழல் விழுந்த பகுதியைச் சுற்றி மின்சாரத்தை அனுப்பும் பைபாஸ் டையோடு இழப்பைக் குறைக்கும், தீர்க்காது.

வடமேற்கு மூலை எவ்வளவோ மேல். டிசம்பர் நிழலின் பெரும்பகுதி வடக்கே மனைக்கு வெளியே போய்விடும். ஜூனில் தெற்கே வரும் நிழலுக்கு 4 அடி விட்டால் போதும். ஆனால் வெளியே போகும் நிழல் வடக்கு வீட்டுக்காரர் மாடியில் விழுமா என்றும் வரையுங்கள். வடக்கே வீட்டுக்குப் பதில் தெரு இருந்தால் கவலையில்லை. கன்னி மூலையை மாற்ற மனமில்லையென்றால் பேனலை 8 அடிச் சட்டத்தில் ஏற்றுங்கள்: மிச்சம் 5 அடி, மாலை 3 மணிக்குக் கிழக்கே 6, வடக்கே 5. உயரச் சட்டம் புயல் காற்றைத் தாங்க வேண்டும். அதைப் பொறியாளர் பார்க்காமல் போடாதீர்கள்.

5. லேஅவுட் போடுகிறவர்களுக்கு

தரையும் 2 மாடியும் கைப்பிடிச் சுவரும் சேர்த்து 33 அடி. கிழக்கு-மேற்காக ஓடும் 30 அடிச் சாலை, இருபுறமும் 5 அடி இடைவெளி என்றால் நடுவே 40 அடி கிடைக்கும். 9 முதல் 3 வரை தெற்கு வரிசையின் நிழல் சாலையோடு நின்றுவிடும். முதுகோடு முதுகு ஒட்டிய மனைகளில் நடுவே 10 அடிதான். வடக்கு வீட்டின் தெற்குச் சுவரில் நண்பகலிலேயே சுமார் 19 அடி உயரம் வரை நிழல் ஏறும். தரைத்தளமும் முதல் மாடியின் பெரும்பகுதியும் வெயில் காணாது. மழைக்காலத்தில் ஊறிய சுவர் காய வேண்டிய மாதம் அது. அங்கே பின் இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது தெற்கு வீட்டின் மேல்மாடியைப் பின்பக்கம் உள்வாங்கிக் கட்டுங்கள்.

அமெரிக்காவின் போல்டர் நகரம் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது: சில பகுதிகளில் டிசம்பர் 21, காலை 10 முதல் மதியம் 2 வரை, எல்லையில் 12 அடிக் கற்பனை வேலி தரும் நிழலைவிட அதிகமாகப் பக்கத்து மனையில் விழக்கூடாது. இங்கே 1882-ம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின் 15-ம் பிரிவு, தடையின்றி 20 ஆண்டு அனுபவித்த வெளிச்சத்துக்கு உரிமை தருகிறது. அது கட்டடத்துக்குள் வரும் வெளிச்சத்தைப் பற்றியது. நேற்று வைத்த பேனலுக்கு அதை நம்பாமல், அஸ்திவாரம் போடும் முன்பே இந்தத் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள்.