லயனுக்கு மேலே பாருங்கள்: தோட்டத்துக்கு ஒரு மண்சரிவு வரைபடம்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் எந்த லயனுக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) மண்சரிவு ஆபத்து கூட என்று கணக்கிட மடிக்கணினி, இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள், ஜிபிஎஸ் உள்ள போன், அளவு நாடா ஆகியவை போதும்.

முதலில் உயரத் தரவு. கோப்பர்னிக்கஸ் என்ற ஐரோப்பிய செய்மதித் திட்டத்தின் 30 மீற்றர் தரவை (30 மீற்றர் சதுரத்துக்கு ஓர் உயரம்) ஓப்பன்டோபோகிராபி தளத்தில் இறக்கலாம். தோட்ட எல்லையோடு நிறுத்தாமல் மலை முகடு வரை வெட்டி எடுங்கள். இறக்கிய கோப்பு அகலாங்கு, நெட்டாங்கில் இருக்கும். அதிலேயே சாய்வு கணக்கிட்டால், பல பதிப்புகளில், மலை முழுவதும் கிட்டத்தட்ட 90 பாகை செங்குத்தாக வரும். கிடைத்தூரம் பாகையிலும் உயரம் மீற்றரிலும் இருப்பதுதான் காரணம். ஆகவே ‘வார்ப்’ கருவியால் இபிஎஸ்ஜி 5235 என்ற, மீற்றரில் அளக்கும் இலங்கைக் கட்டத்துக்கு மாற்றுங்கள். அப்போது ‘பைலீனியர்’ முறையைத் தெரியுங்கள். ‘நியரஸ்ட்’ என்று விட்டால் சாய்வுப் படத்தில் கோடு கோடாகப் படி விழும்.

பிறகு சாய்வுக்குப் புள்ளி: 15 பாகை வரை 1, 25 வரை 2, 35 வரை 3, அதற்கு மேல் 4. யூகலிப்டஸ் தோப்பின் ஓரம் சிவப்பாக (செங்குத்தாக) தெரிந்தால் சந்தேகப்படுங்கள். இந்தத் தரவு மர உச்சியையும் சேர்த்தே அளப்பதால் 20 மீற்றர் மரம் அங்கே பாறை விளிம்பு போல நிற்கும்.

ஓடை, கான் (வடிகால்), பீலிக்கு (தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு) வரும் ஊற்று எல்லாவற்றையும் கோடாக வரையுங்கள். அவற்றிலிருந்து 30 மீற்றருக்குள் 4, 60க்குள் 3, 100க்குள் 2, அப்பால் 1. நிலத்துக்கு, கான் தூர்ந்து மானாப்புல் ஏறிய கைவிட்ட மலை 4, மரக்கறித் தோட்டம் 3, பராமரிப்புள்ள தேயிலை 2, அடர்ந்த காடு 1.

மண்சரிவு ஆபத்தை மதிப்பிடும் அரச நிறுவனமான தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆறு காரணிகளுக்கு 100 புள்ளியைப் பிரிக்கிறது: சாய்வு 25, பாறை 20, நீர் 20, நிலப் பயன்பாடு 15, மண் படை 10, நிலவடிவம் 10. பாறையையும் மண்ணையும் மேசையிலிருந்து அளக்க முடியாது, நிலவடிவத்தையும் விட்டுவிடலாம். மிஞ்சுவது 60. கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கல்குலேட்டரில் (சாய்வு × 25 + நீர் × 20 + நிலம் × 15) ÷ 60 என்று கொடுங்கள். 1 முதல் 4 வரை விடை வரும். 3க்கு மேல் வந்த இடங்களுக்கு முதலில் போங்கள். இது எங்கே நடக்க வேண்டும் என்று காட்டும் படம் மட்டுமே. வீடு கட்ட அந்த நிறுவனத்தின் அறிக்கைதான் செல்லும்.

பலர் சறுக்கும் இடம் இதுதான்: லயன் நிற்கும் சதுரம் பச்சையாக (ஆபத்துக் குறைவாக) இருந்தால் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்களை மூடிய மண் மேலிருந்து வந்தது. ஒவ்வொரு லயனிலிருந்தும் முகடு வரை கோடு இழுத்து, அந்தக் கோடு கடக்கும் சதுரங்களில் மிகக் கூடிய ஆபத்துப் புள்ளியையே லயனின் புள்ளியாக எழுதுங்கள். ஓடைப் பள்ளத்தின் வாயில் நிற்கும் லயனுக்கு ஒரு புள்ளி கூட்டுங்கள்.

இனி நடை. ஒரு சதுரம் 900 சதுர மீற்றர். குசினிக்குப் பின்னால் வெட்டிய மண் சுவர் அதில் தெரியவே தெரியாது. அதன் உயரத்தையும் அதிலிருந்து வீடு வரையுள்ள தூரத்தையும் நாடாவால் அளந்து போனில் புள்ளியாகப் பதியுங்கள். தூரம் உயரத்தைவிடக் குறைவாக இருந்தால் படம் என்ன நிறம் காட்டினாலும் அந்த லயன் பட்டியலில் மேலே வரவேண்டும். சாய்ந்த மரம், தரை வெடிப்பு, திடீரென்று கலங்கிய அல்லது நின்றுபோன பீலித் தண்ணீர் இவற்றையும் குறியுங்கள். வெடிப்பின் இரு பக்கமும் ஆப்பு அடித்து, இடைவெளியை மில்லிமீற்றரில் வாரம் ஒருமுறை, மழை நாளில் தினமும் எழுதுங்கள்.

படத்தை அச்சிட்டு லயனில் ஒட்டும்போது மழை அளவையும் அதில் எழுதுங்கள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் விழிப்பு, 100 ஆயத்தம், 150 வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலும் வெளியேற்றம்தான். மழைமானி இல்லையென்றால் நேர்ச்சுவருள்ள போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகுங்கள். அடிப்பகுதி வளைந்திருக்கும் என்பதால் நேர்ச்சுவர் தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியம் குறியுங்கள். வெடிப்பு அகலித்தால் மழைமானியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் இறங்குங்கள்.