கீபோர்டுக்குள்ளிருந்து ஏதோ கசிகிறதா? துணியை எடுக்காதீர்கள்

ரொம்ப நாள் கழித்து, இசை வாசிக்கும் கீபோர்டைத் தூக்குகிறீர்கள். அடியில் பிசுபிசுவென்று ஒரு கறை. எண்ணெயும் தண்ணீரும் இல்லாத கருவிக்குள்ளிருந்து இது எப்படி வந்தது என்று யோசிப்பதற்குள் கை துணியைத் தேடிப் போய்விடும். முதல் தவறு அதுதான்.

நிறம் என்ன, எந்தப் பக்கமாக வழிந்திருக்கிறது, மேலே எந்தக் கீக்கு நேராக இருக்கிறது, இவைதான் கையில் இருக்கும் துப்பு. நானும் ஒருமுறை அவசரப்பட்டு ஒரு பழைய கருவியைப் பளிச்சென்று துடைத்து வைத்தேன். மூன்றாவது வாரம் அதே கறை அதே இடத்தில் வந்து நின்றது. அதனால் முதலில் நாலைந்து படம் எடுங்கள். கருவி இத்தனை நாள் எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தால் கசிவு கீழ் ஓரத்தில் தேங்கியிருக்கும், ஊற்று எங்கோ மேலே இருக்கும். கறை இருக்கும் இடத்தையே கசிவின் இடம் என்று நம்பி, அதற்கு நேராக இருக்கும் பாகத்தைக் கழற்றி மாற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது, ‘வேலை செய்கிறதா பார்த்துவிடலாம்’ என்று ஆன் செய்வது. பேட்டரியிலிருந்தோ கெபாசிட்டரிலிருந்தோ (மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் சிறு பாகம்) வடியும் திரவம் மின்சாரத்தைக் கடத்தும். அது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் படிந்திருக்கும்போது மின்சாரம் போனால் செம்புத் தடங்கள் இன்னும் வேகமாக அரிக்கப்படும். அடாப்டரைப் பிடுங்கினால் போதாது, பேட்டரிகளையும் எடுத்துவிடுங்கள். மின்கம்பி நேராக உள்ளே போகும் கருவியாக இருந்தால், பிளக்கைக் கழற்றிய பிறகும் பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் கை வைக்க வேண்டாம்.

சரி, வந்திருப்பது என்ன? கையுறை போட்டுக்கொண்டு ஒரு காது குடையும் பஞ்சுக் குச்சியால் கொஞ்சம் தொட்டு, வெள்ளைத் தாளில் தடவிப் பாருங்கள். ஒளி ஊடுருவும் திட்டாகப் பரவி, மறுநாளும் காயாமல் இருந்தால் எண்ணெய்ப் பசை. கீக்கள் உரசாமலிருக்கத் தடவிய கிரீஸ் வருடக்கணக்கில் எண்ணெயும் கட்டியுமாகப் பிரிந்துபோவது உண்டு. பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் பட்டதும் கரைந்தால் யாரோ கொட்டிய இனிப்புப் பானமாக இருக்கலாம். (வீட்டில் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.) கருவியின் மேற்பரப்பு மட்டும் ஒட்டுகிறதென்றால் மூடிவைத்த வினைல் உறையைச் சந்தேகப்படுங்கள். அதை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த பொருள் பிளாஸ்டிக்கில் இறங்கியிருக்கும்.

சிவப்பாக, ஜெல்லி மாதிரி, கீக்களுக்கு அடியிலிருந்து நூல் நூலாக இறங்கினால் அது தனிக் கதை. 1989 முதல் 1990-களின் தொடக்கம் வரை வந்த ரோலண்ட் நிறுவனத்தின் சில சிந்தசைசர்கள் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கீபோர்டுகள்) இதற்குப் பேர்போனவை. யு-20, டி-70, 1991-இல் வந்த ஜேடி-800 மூன்றிலும் இதைப் பார்க்கலாம். விரலுக்குக் கனம் தெரிய வேண்டும் என்பதற்காகக் கீயின் அடிப்பக்கத்தில் சிறு இரும்புத் துண்டை ஒட்டியிருப்பார்கள். அந்தச் சிவப்புப் பசை காலப்போக்கில் இளகி வழிய ஆரம்பிக்கிறது. கீ அழுந்தினால் மேலே வராது. கொஞ்ச நாளில் பசை, கீ அழுந்தியதைக் கருவிக்கு உணர்த்தும் ரப்பர் காண்டாக்ட் வரை போய் நோட்டுகள் ஒவ்வொன்றாக ஊமையாகும். இதைப் பார்த்துக் கெபாசிட்டர் வெடித்துவிட்டது என்று மெயின் போர்டை நோண்டுவது வெட்டி வேலை. போர்டில் குற்றமே இல்லை.

இங்கே செய்யும் பெரிய தவறு அசிட்டோன். நகப்பூச்சைக் கரைக்கிறதே, இதையும் கரைக்கும் என்று ஊற்றுவார்கள். பசையோடு சேர்த்துக் கீயின் பிளாஸ்டிக்கும் இளகி, வெள்ளைக் கீ மங்கி உருக்குலைந்துவிடும். அனுபவம் உள்ளவர்கள் கீக்களைக் கழற்றிக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைப்பார்கள். பசை விட்டுக்கொடுத்து இரும்புத் துண்டு தனியே வந்துவிடும். கழுவிக் காயவைத்து, புதிய எபாக்சிப் பசையால் திரும்ப ஒட்ட வேண்டும். ஆனால் காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் பதம் பார்த்துவிடும். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரமும் ஆகாது, பிளாஸ்டிக் வாளி போதும். அப்புறம், கழற்றும்போதே ஒவ்வொரு கீயின் உட்பக்கமும் மார்க்கரால் எண் போடுங்கள். சோடாவில் மை போய்விடலாம் என்பதால் வரிசையைப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் அது பேட்டரி. சாதாரண ஆல்கலைன் பேட்டரியில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். ‘பேட்டரி ஆசிட்’ என்று நாம் வாய்க்குவந்தபடி சொல்லிப் பழகிவிட்டதால், பலர் சமையல் சோடாவைப் போட்டுத் தேய்க்கிறார்கள். காரத்தின் மேல் இன்னொரு காரம்! வேண்டியது வினிகர். பஞ்சில் நனைத்து ஒற்றினால் அந்த வெள்ளைப் பொடி சுர்ரென்று நுரைக்கும். நுரை அடங்கியதும் கொஞ்சம் தண்ணீரால் துடைத்து, அதன் மேல் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ஸ்பிரிங் பளபளத்ததும் வேலை முடிந்தது என்று மூடிவிட வேண்டாம். திரவம் பேட்டரியிலிருந்து போகும் கம்பியின் உறைக்குள் ஊர்ந்து போயிருக்கலாம். நுனியைச் சீவிப் பார்த்துச் செம்பு கறுத்திருந்தால், பற்றவைக்கும் ஈயமும் அதில் பிடிக்காது. அந்தக் கம்பியை மாற்றத்தான் வேண்டும். பழைய சில கருவிகளில் நினைவகத்துக்கான நிக்கல்-காட்மியம் பேட்டரி போர்டின் மேலேயே இருக்கும். 1981-இல் வந்த கோர்க் பாலிசிக்ஸ் சிந்தசைசரில் அந்தப் பேட்டரி கசிந்து போர்டையே தின்றுவிடும். அதை மட்டும் கசிகிறதா என்று பார்க்கக் காத்திருக்காமல் முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள்.

போர்டில் கெபாசிட்டர்களின் காலடியில் பழுப்பாக ஏதாவது கட்டியிருந்தால் அது கசிவு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அதிர்வில் ஆடாமலிருக்கத் தொழிற்சாலையில் வைத்த பசையாகவும் இருக்கலாம். சுரண்டினால் ஓடு மாதிரி பெயரும். ஆனாலும் அப்படியே விட்டுவிடாதீர்கள். சிலவகைப் பசை பழசாகிக் கறுத்தால் மின்சாரத்தைக் கடத்தும், பக்கத்துக் கால்களையும் அரிக்கும். கெபாசிட்டர் உண்மையிலேயே கசிந்திருந்தால் ஈயப்பற்று மங்கிப்போயிருக்கும், சால்டரிங் இரும்பு பட்டதும் மீன் வாடை வீசும்.

கீ ஒட்டுகிறது என்று துருநீக்கும் ஸ்ப்ரேயைக் கீக்களின் இடுக்கில் அடிப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: அடிக்காதீர்கள். அது எண்ணெயை உள்ளே விட்டுவிட்டுப் போகும், ரப்பர் காண்டாக்டில் தூசி சேரும், அடுத்து வருகிறவருக்கு ஊற்று எது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

எல்லாம் முடிந்ததும் அத்தனை ஸ்க்ரூவையும் போட்டு மூடவேண்டிய அவசரம் இல்லை. கீபோர்டை வழக்கமாக வைக்கிற நிலையிலேயே, அடியில் புதிய வெள்ளைத் தாளை விரித்து நாலு நாள் விட்டுப் பாருங்கள். தாள் சுத்தமாக இருந்தால் மூடலாம்.