கையில் ஒன்பது ஜோடி, மேஜையில் கிங்: எப்போது ஃபோல்ட் செய்வது (சீட்டை விடுவது)?

டெக்சாஸ் ஹோல்டம் போக்கர் ஆட்டத்தில் (ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு, மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து) ஏஸ் ஜோடி வந்தால் யாருக்கும் பெரிய யோசனை இல்லை. 7-2 வந்தாலும் இல்லை. பணம் கரைவதெல்லாம் ஏழு முதல் ஜாக் வரையிலான ஜோடிகளில்தான். லாஸ் வேகாஸில் 1-3 டாலர் நோ-லிமிட் (கட்டாயத் தொடக்கப் பந்தயம் 1, 3 டாலர்; பெட்டுக்கு உச்சவரம்பு இல்லை) மேஜைகளில் ஆடுகிறவன் நான். புதிதாக ஆட வரும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "ஒன்பது ஜோடி வெச்சிருந்தேன், ஃப்ளாப்ல கிங் விழுந்துச்சு. அப்பவே விட்டிருக்கணுமா?"

ஃப்ளாப் என்பது மேஜையில் முதலில் விழும் மூன்று பொதுச் சீட்டுகள்; நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பெட் (பந்தயம்) போடலாம். ஒற்றை எதிராளி என்றால், பெரும்பாலும் ஃப்ளாப்பில் விட வேண்டாம், டர்னில் விடுங்கள் என்பேன்.

முதலில், ஓவர்கார்டைக் (நம் ஜோடியைவிடப் பெரிய சீட்டு) கண்டு பதற வேண்டாம். கையில் ஒன்பது ஜோடி இருக்கும்போது ஃப்ளாப்பில் பத்தோ அதற்கு மேலோ ஒரு சீட்டாவது விழ 79 சதவீத வாய்ப்பு. எட்டு ஜோடிக்கு 87. ஜாக் ஜோடிக்கே 57. பெரிய சீட்டு விழுவதுதான் வழக்கம். அதைப் பார்த்ததுமே கையை வீசினால் இந்த ஜோடிகளை ஆடவே வேண்டியதில்லை. ஃப்ளாப்புக்கு முன் ரைஸ் செய்தவர் (பந்தயத்தை உயர்த்தியவர்) ஃப்ளாப்பில் தனக்கு எதுவும் ஒட்டாவிட்டாலும் ஒரு பெட் போடுவது சகஜம். அந்த ஒரு பெட்டுக்குப் பயப்படக் கூடாது. இரண்டாவது பெட்டுக்குப் பயப்பட வேண்டும்.

ஒரு கையை முழுதாகப் பார்ப்போம். எல்லோரிடமும் 300 டாலர் அளவு சிப்ஸ். முன்வரிசையில் (சீக்கிரம் ஆட வேண்டிய இடம்) ஒரு பெரியவர் 15 டாலருக்கு ரைஸ் செய்கிறார். மாலை முழுக்க கால் (அடுத்தவர் போட்ட அதே தொகையைக் கட்டுவது) மட்டுமே செய்துகொண்டிருந்தவர், நல்ல கை வந்தால் மட்டும் ரைஸ் செய்பவர். நான் பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இடம்), கையில் ஒன்பது ஜோடி, கால் செய்கிறேன். பிக் பிளைண்டும் (3 டாலர் கட்டாயப் பந்தயம் போட்டவர்) வருகிறார். கட்டாயமாகப் போட்ட அந்த 1 டாலரும் சேர்த்து பாட்டில் (நடுவில் சேர்ந்த மொத்தப் பணம்) 46 டாலர். ரேக்கைக் (கேசினோ எடுத்துக்கொள்ளும் பங்கு) கணக்கில் எடுக்க வேண்டாம். ஃப்ளாப்: ஹார்ட் கிங், கிளப் ஏழு, டைமண்ட் நான்கு. பிளைண்ட் செக் (பணம் போடாமல் தாண்டுகிறார்). பெரியவர் 20 போடுகிறார். நான் கட்டினால் பாட் 86 ஆகும், அதில் 20 என்னுடையது; அதனால் கால் செய்ய எனக்கு 23 சதவீத வாய்ப்பு இருந்தால் போதும். ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், எட்டு ஜோடி என்று நான் ஜெயிக்கிற கைகளோடும் அவர் இந்த 20-ஐப் போடுவார். கால் செய்கிறேன். பிளைண்ட் போய்விடுகிறார்.

பாட் 86. டர்னில் ஸ்பேட் ஜாக். பெரியவர் 60 போடுகிறார். இப்போது எனக்கு 29 சதவீதம் தேவை. அவர் கையில் என்னென்ன இருக்கலாம் என்று எண்ணுகிறேன். ஏஸ்-கிங் 12 விதம் (4 ஏஸ், மிச்சமுள்ள 3 கிங்), கிங்-குயின் 12, கிங்-ஜாக் 9, ஏஸ் ஜோடி 6, குயின் ஜோடி 6, கிங் ஜோடி 3, ஜாக் ஜோடி 3. என்னை வெல்லும் கைகள் மொத்தம் 51. நான் வெல்லும் கையாக மிஞ்சுவது ஏஸ்-குயின், 16 விதம். அதை ஒன்று விடாமல் அவர் மறுபடி பெட் செய்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ரிவரில் ஏஸ், குயின், பத்து என்று 10 சீட்டுகள் உதவும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் என் பங்கு 22 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஜாக் ஒட்டிய ஏஸ்-ஜாக்கை நான் சேர்க்கவே இல்லை. ஃபோல்ட்.

மேஜையில் உட்கார்ந்து இவ்வளவும் எண்ண முடியுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. "எனக்குக் கீழே உள்ள எந்தக் கையை வைத்துக்கொண்டு இவர் இரண்டாம் தடவையும் பணம் போடுவார்?" என்ற ஒரே கேள்வி போதும். மூன்று வினாடிக்குள் ஒரு கையின் பெயராவது மனசில் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இன்னும் ஒரு பெட் பாக்கி இருக்கிறது, அது 60-ஐவிடப் பெரிதாக இருக்கும். 101 ரம்மி ஆடியவர்களுக்கு இது தெரியும்: முதலிலேயே ஸ்கூட் விட்டால் (ஆட்டத்தை விட்டுவிட்டால்) 20 பாயிண்ட், நடுவில் விட்டால் 40, கடைசிவரை பிடித்திருந்தால் 80 வரை.

அதே 60-ஐ, ஒரு பாட்டையும் விடாமல் தள்ளித்தள்ளி ஆடும் ஒரு பையன் போட்டிருந்தால்? குயின்-பத்து, ஆறு-ஐந்து என்று ஜோடிகூட அமையாத கைகளெல்லாம் பட்டியலில் சேரும். டர்னில் ஜாக்குக்குப் பதில் இரண்டு என்ற சீட்டு விழுந்திருந்தால் அவனுக்கு இன்னொரு கால் கொடுப்பேன். பெரியவர் என்றால் இரண்டு விழுந்தாலும் ஃபோல்ட்தான்.

பலர் கவனிக்காத ஒன்று: கையிலேயே வந்த ஜோடியும், மேஜைச் சீட்டோடு சேர்ந்து அமைந்த நடு ஜோடியும் ஒன்றல்ல. மேலே சொன்ன ஒன்பது ஜோடிக்கு உதவ இரண்டே சீட்டுகள்; டர்னில் வர 4 சதவீதம். மேஜையில் கிங்-ஒன்பது-நான்கு, என் கையில் ஏஸ்-ஒன்பது என்றால் உதவ ஐந்து சீட்டுகள். கிட்டத்தட்ட 11 சதவீதம். (எதிராளியிடம் ஏஸ்-கிங் இருந்தால் ஏஸ் உதவாது, அது வேறு.) அதனால் ஃப்ளாப் கால் என்று வந்தால் எனக்கு ஏஸ்-ஒன்பதைத்தான் அதிகம் பிடிக்கும்.

ஃப்ளாப்பிலேயே விட வேண்டிய இடங்களும் உண்டு. பாட்டில் நாலு பேர், ஒருவர் பெட், இன்னொருவர் கால் என்றால் உடனே விடுங்கள். அவர்களில் ஒருவரிடமாவது கிங் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஃப்ளாப்புக்கு முன்பே விட வேண்டியதும் உண்டு. ஐந்து ஜோடி, நான்கு ஜோடி எல்லாம் செட் (கையிலுள்ள ஜோடியோடு அதே எண் மேஜையில் மூன்றாவதாகச் சேர்வது) அடிக்கத்தான். செட்டோ அதற்கு மேலோ ஃப்ளாப்பில் அமைவது சுமார் எட்டரைக்கு ஒரு தடவை. அடித்தாலும் எல்லோரும் முழு ஸ்டாக்கையும் (தங்கள் முன்னால் உள்ள சிப்ஸை) கொடுத்துவிட மாட்டார்கள். கால் தொகையைப் போல் 15 மடங்காவது அவர் முன்னால் சிப்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். 15 டாலர் ரைஸ், மிச்சம் 70 டாலர்தான் என்றால் விட்டுவிடுங்கள்.

ரிவர் சுலபம். சாதுவாக ஆடுகிறவர் ரிவரில் ரைஸ் செய்தால் நடு ஜோடியை யோசிக்காமல் கொடுத்துவிடுங்கள். டர்னில் இருவரும் செக் செய்து, ஃப்ளாப்பில் இரண்டு ஹார்ட் கிடந்து மூன்றாவது வராமலே போய், அவர் பாதி பாட் போட்டால் நான் கால் செய்வேன். அங்கே 25 சதவீதம் போதும், ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) தவறிய கை எத்தனையோ இருக்கிறது.