அமெரிக்க சிட்டிசன் ஆனதும் ஊருக்குக் கிளம்புகிறீர்களா? இதையெல்லாம் செய்துவிடாதீர்கள்

குடியுரிமை உறுதிமொழி விழாவுக்குத் தேதி வந்ததுமே பலர் அடுத்த வாரத்துக்குச் சென்னை டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். பெரிய தவறு. விழாவுக்கு உள்ளே போகும்போதே கிரீன் கார்டை வாங்கிக்கொள்வார்கள். வெளியே வரும்போது கையில் இருப்பது குடியுரிமைச் சான்றிதழ் மட்டும்தான். அதைக் காட்டி விமானம் ஏற முடியாது. அமெரிக்கக் குடிமக்கள் அந்த நாட்டிலிருந்து கிளம்பவும் திரும்பி நுழையவும் அமெரிக்க பாஸ்போர்ட் வேண்டும் என்பது சட்டம். அதற்கு விண்ணப்பிக்கும்போது மூலச் சான்றிதழையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்பதால், கொஞ்ச நாள் அதுவும் கையில் இருக்காது. ஊரில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று போன் வந்தால், 14 நாட்களுக்குள் பயணம் செய்பவர்களுக்கான அவசர அப்பாயின்ட்மென்ட்டைப் பாஸ்போர்ட் ஏஜென்சியில் கேட்கலாம்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அரங்கத்திலேயே பெயரையும் பிறந்த தேதியையும் சரிபாருங்கள். நம் ஆட்களுக்கு அப்பா பெயர் ஒரு தாளில் இனிஷியலாக இருக்கும், இன்னொன்றில் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும்.

“இந்திய பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருக்கிறதே, அதில் ஒருமுறை போய் வந்துவிடலாம்” என்று சொல்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றவுடனேயே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. அதன்பிறகு அந்தப் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்துவது குற்றம். அதை ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கான சான்றிதழ் வாங்கி, அப்புறம் ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) விண்ணப்பிக்க வேண்டும். அட்டை வந்துவிட்டது என்பதற்காக ஊரில் கிணற்றோடு இரண்டு ஏக்கர் நிலம் வாங்கக் கிளம்பாதீர்கள். ஓசிஐக்காரர்கள் விவசாய நிலம் வாங்க முடியாது. வாரிசாக வருவது வேறு விஷயம். ஓட்டும் கிடையாது.

சிட்டிசன் ஆகி ஒரு வருஷத்துக்குள் வெளிநாட்டில் குடியேறினால் குடியுரிமையைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம் இன்னும் சுற்றுகிறது. அப்படி ஒரு விதி இருந்தது உண்மைதான், 1994இல் எடுத்துவிட்டார்கள். தைரியமாகக் கோயம்புத்தூரில் வந்து தங்கலாம்.

ஆனால் வரி கூடவே வரும். கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவரின் நிலைமை வேறு. சிட்டிசன் எந்த நாட்டில் வசித்தாலும், உலகெங்கும் வரும் வருமானத்தை அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இந்தியாவில் வரி இல்லாத என்ஆர்ஈ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) வட்டிக்கும் அங்கே வரி உண்டு. அதைவிடப் பலர் சிக்குவது, “எதற்கும் இருக்கட்டும்” என்று அம்மாவின் பென்ஷன் கணக்கில் சேர்த்த தங்கள் பெயரால்தான். பணம் அம்மாவுடையதாகவே இருக்கட்டும். வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும், அந்தக் கணக்கையும் சேர்த்து வெளிநாட்டு வங்கிக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் எஃப்பார் (FBAR) படிவம் தாக்கல் செய்ய வேண்டும்.

ஓய்வுபெற்று வருகிறவர்களுக்கு ஒன்று: மதுரையில் ஆபரேஷன் செய்துகொண்டால் மெடிகேர், அதாவது அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு, பணம் தராது. தனிக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி-யை யோசிக்காமல் நிறுத்திவிடவும் வேண்டாம். பிற்பாடு திரும்பச் சேரும்போது, விட்ட ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும் வாய்ப்பு உண்டு.