‘இஷ்’ஷுக்குப் பின் விழுந்த மௌனம்

கோயம்புத்தூரில் நான் நடத்தும் மாலை நேர ஜெர்மன் வகுப்பில், எழுத்துத் தேர்வில் நன்றாகவே மதிப்பெண் வாங்கும் ஏ2 நிலை (தொடக்கநிலையின் இரண்டாம் படி) மாணவர்கள், ‘நேற்று என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டால் மட்டும் வாயடைத்துப் போனார்கள். உரையாடல்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். ஒரு கேள்வியை மாற்றியதும் தடுமாறினார்கள். தலைப்பை முதல் நாளே கொடுத்தேன்; எழுதிவந்து வாசித்தார்கள். பேச்சுக்கு மதிப்பெண் வைத்ததும் இருந்த பேச்சும் நின்றது. மூன்று வாரங்கள் வீணாயின.

வகுப்பின் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டபோதுதான், ‘நான்’ எனப் பொருள்படும் ‘இஷ்’ஷுக்கு அடுத்தே மௌனம் விழுவதைக் கவனித்தேன். கடந்தகாலத்தைச் சொல்லும்போது அந்த இடத்தில் ‘ஹாபே’, ‘பின்’ என்ற இரண்டு ஜெர்மன் துணைவினைகளில் எது வரும் என்பதை, வாக்கியத்தின் கடைசியில் வரப்போகும் வினையை முன்கூட்டியே நினைத்துத் தீர்மானிக்க வேண்டும். தமிழில் இந்தச் சுமை கிடையாது.

எனவே மொழியியலாளர் பால் நேஷன் பரவலாக்கிய 4/3/2 முறையைக் கையிலெடுத்தேன். ஒரே செய்தியை ஒருவரிடம் 4 நிமிடமும், அடுத்தவரிடம் 3 நிமிடமும், மூன்றாமவரிடம் 2 நிமிடமும் சொல்ல வேண்டும். நடுவில் திருத்தமே கிடையாது, என் பேனாவையும் மூடி வைத்துவிட்டேன். இரண்டாம் நாள் மூன்றாம் சுற்றில் ஒரு மாணவி, ‘இஷ் ஹாபே... இஷ் பின் கெகாங்கன்’ (நான் போனேன்) என்று தானே திருத்திக்கொண்டு, நிற்காமல் பேசிப் போனார். பெரும் நிம்மதி.