கிறிஸ்துமஸ் பந்தியும் மதுரை லந்தும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 25ஆம் நாள் நண்பகலில், எங்கள் நரிமேட்டுத் தெருவிலுள்ள ஒரு மொட்டைமாடிக்கு ஏழு வீட்டுப் பாத்திரங்கள் வந்து சேரும். ஒரு வீட்டிலிருந்து சீரகச் சம்பாப் பிரியாணி, இன்னொரு வீட்டிலிருந்து மிளகு தூக்கலான ஆட்டுக்கறிச் சுக்கா, திருநெல்வேலியிலிருந்து குடிவந்தவர்கள் வீட்டிலிருந்து சொதியும் இஞ்சிப் பச்சடியும், நாகர்கோவிலில் பெண் எடுத்த வீட்டிலிருந்து முந்திரிக்கொத்து என்று அவரவர் கைவரிசை வரிசையாக உட்காரும். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஒரு சிரட்டை இருக்கும். வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் மூன்று புளியங்கொட்டைகள் இருக்கும். பிடித்த சமையலுக்குக் கொட்டையைப் போட வேண்டும்; பிடிக்காததைப் பற்றி வாய்விட்டுக் கிண்டலும் செய்யலாம். மதுரையில் இதற்கு 'லந்து' என்று பெயர். லந்து இல்லாத பந்தி எங்கள் ஊரில் துக்கவீட்டுச் சாப்பாட்டைப் போன்றது. ஆனால், இத்தனை ஆண்டுகளில் நாங்கள் செய்யாத தவறு இல்லை. அவற்றுள் சில நாக்கைக் கெடுத்தன, சில உறவையே கெடுக்கப் பார்த்தன. இதுபோல் கூடி உண்ண நினைப்பவர்கள் எங்களைப் பார்த்துச் சிலவற்றையாவது தவிர்த்துக்கொள்ளலாம்.

முதல் தவறு, கேட்காமல் அனுப்புவது. கிறிஸ்துமஸ் வருவது மார்கழியின் முதற்பாதியில். கார்த்திகை முதல் தேதியில் சபரிமலைக்கு மாலை போட்டவர்களுக்கு மண்டல பூசை டிசம்பர் 26 அல்லது 27ஆம் தேதியில்தான் வரும் என்பதால், நாம் பிரியாணிக்குத் தம் போடும் வேளையில் பக்கத்து வீட்டில் விரதம் உச்சத்தில் இருக்கும். மகரவிளக்குக்குப் போகிறவர்களும், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களும் அதற்குப் பிறகும் மாலையைக் கழற்றுவதில்லை. இது தெரியாமல் ஒரு வருடம், கீழ்வீட்டில் மாலை போட்டிருந்த ஐயப்ப சாமியின் வாசலில் தூக்குச்சட்டி நிறையக் கறிப் பிரியாணியுடன் நான் நின்றேன். கறுப்பு வேட்டியுடன் கதவைத் திறந்த அவர் மூக்கையும் சுளிக்கவில்லை, முகத்தையும் சுளிக்கவில்லை. "சாமி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்போது எனக்கு ஏற்பட்ட கூச்சத்தை இன்றும் மறக்க முடியவில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குத் தனிப் பாத்திரத்தில் சமைத்த தேங்காய்ப்பால் சாதம் அனுப்பினால் போதும் என்று அடுத்த வருடம் நினைத்ததும் பாதித் தவறுதான். மாலை போட்டவர்களில் பலர் வெளிவீட்டில் சமைத்த எதையுமே உண்பதில்லை. வாழைப்பழமும் ஆரஞ்சும் தேங்காயும் வைத்த தட்டுத்தான் அங்கே செல்லுபடியாகும்.

கிழமையையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமையன்று கறியைத் தொடாத இந்துக் குடும்பங்கள் ஏராளம். 2020இல் கிறிஸ்துமஸ், வெள்ளிக்கிழமை, வைகுண்ட ஏகாதசி ஆகிய மூன்றும் ஒரே நாளில் வந்தன. அன்று கறி அனுப்பியவர்கள் பாத்திரத்தைத் திறக்காமலே திரும்ப வாங்கியிருப்பார்கள். 2026இலும் டிசம்பர் 25 வெள்ளிக்கிழமைதான். கத்தோலிக்கர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்: வெள்ளியன்று புலால் தவிர்க்கும் முறை, கிறிஸ்து பிறப்பு போன்ற பெருவிழா அந்நாளில் வந்தால் பொருந்தாது. பக்கத்து வீடுகளுக்கான பங்கை மட்டும் சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ அனுப்பினால் நல்ல நாளும் குறையாது, கறியும் வீணாகாது. சனிக்கிழமையும் ஆகாது என்கிற வீடுகள் உண்டு என்பதால், ஞாயிறே உத்தமம்.

கறியை நாம் மறைப்பதில்லை, மறைந்திருப்பவை வேறு. அச்சு முறுக்கைப் பார்த்தால் தீபாவளிப் பலகாரம் போல அப்பாவியாகத்தான் இருக்கும். ஆனால் கிறிஸ்தவ வீடுகளில் அந்த மாவில் பெரும்பாலும் முட்டை சேர்ப்போம். மொறுமொறுப்பும் மணமும் அதனால்தான். அதைச் சொல்லாமல் சைவ வீட்டுக்கு அனுப்புவது, தெரியாமல் செய்தாலும் ஏமாற்றுத்தான். பிளம் கேக்கிலும் முட்டை உண்டு. அதோடு உலர்பழங்களை ரம்மில் ஊறவைத்திருந்தால், அதை இஸ்லாமிய அண்டைவீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு பகுதிப் பழத்தைத் திராட்சைச் சாற்றில் தனியாக ஊறவைக்கிறோம். கறி ஹலால் முறையில் அறுத்ததா, எந்தக் கடையில் வாங்கியது என்பதையும் சேர்த்தே சொல்லலாம். இவற்றையெல்லாம் ஒரு துண்டுத்தாளில் எழுதி மூடியில் ஒட்டுவதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடுத்தது நேரம். கத்தோலிக்கர்கள் நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து படுக்கவே இரண்டு மணி ஆகிவிடும். எங்களைப் போன்ற தென்னிந்தியத் திருச்சபையார் விடியற்கால ஆராதனைக்காக இருட்டிலேயே எழுந்துவிடுவோம். ஆகவே ஒரே தெருவில் ஒரு வீட்டில் பத்து மணிக்கே பிரியாணி இறங்கியிருக்கும், மற்றொரு வீட்டில் அப்போதுதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மணிக்குப் பந்தி என்றால் எல்லாரும் பன்னிரண்டரைக்கு அடுப்பை அணைக்கும்படி பேசிவைப்பது முக்கியம். இது வெறும் ஒழுங்குக்காக அன்று. ஆட்டுக்கொழுப்பு சீக்கிரம் உறைந்துவிடும். ஆறிப்போன ஆட்டுக்கறிப் பிரியாணி மேலண்ணத்தில் மெழுகைப் போலப் படியும்போது, அதற்கு அருகிலிருக்கும் கோழிப் பிரியாணி எதுவும் செய்யாமலே ஜெயித்துவிடும். கொதிக்கக் கொதிக்க எவர்சில்வர் தூக்கில் அடைத்து இறுக மூடுவதும் கூடாது. மூடியில் முத்துமுத்தாகக் கோத்த ஆவி சொட்டுச் சொட்டாகத் திரும்ப விழ, உதிரி உதிரியாக இருந்த சீரகச் சம்பா ஒரு மணி நேரத்தில் குழைந்து கூழாகும். கொஞ்ச நேரம் ஆவி போகவிட்டு மூட வேண்டும். தயிர் வெங்காயத்தை அதே அடுக்கில் வைக்கவே கூடாது.

இனித் தீர்ப்புக்கு வருவோம். யார் சமைத்தது என்று தெரியாமல் சுவைத்தால்தான் நியாயம் என்று ஒருமுறை முடிவுசெய்து, பாத்திரங்களைப் பெயர் சொல்லாமல் வரிசைப்படுத்தினோம். நம் ஊரில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள் என்பதை எல்லாரும் மறந்துவிட்டோம். சுக்கா இருந்த சட்டியின் விளிம்பில் கணவன் மனைவி இருவர் பெயரும், கல்யாணத் தேதியும் கொட்டை எழுத்தில் மின்னின. ரகசியம் வேண்டுமென்றால் ஒரே மாதிரியான பொதுப் பாத்திரங்களுக்கு மாற்றிவிட வேண்டும்.

சுவைக்கும் வரிசையைப் பலர் கவனிப்பதில்லை. மிளகுச் சுக்காவில் கையை வைத்துவிட்டுப் பிறகு சொதியைச் சாப்பிடுகிறவர், தேங்காய்ப்பாலின் மென்மையை எங்கே உணரப்போகிறார்? சொதியிலிருந்து தொடங்கி, பிரியாணிக்கு வந்து, குழம்பையும் சுக்காவையும் கடைசியில் தொட வேண்டும். இடையில் நாக்கு எரிந்தால் தண்ணீர் உதவாது. மிளகாயின் காரம் தண்ணீரில் கரைவதில்லை. மோர் ஒரு வாய் குடித்தால், பாலிலுள்ள புரதமும் கொழுப்பும் காரத்தைக் கழுவிக்கொண்டு போகும். பிளம் கேக்கைச் சுட்ட அன்றே வெட்டி, உதிர்கிறது என்று குறை சொல்வதும் தவறு. பழத்தின் ஈரம் கேக் முழுவதும் பரவ ஓரிரு நாளாவது ஆகும்.

சமைத்தவர்கள் தம் வாயாலேயே தம் சமையலைக் கெடுப்பதும் உண்டு. "உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு, பாத்துச் சாப்பிடுங்க" என்று அவர்களே தொடங்கிவிட்டால், சரியாக இருக்கும் உப்புகூட எல்லாருக்கும் கரிக்கும். அடக்கம் நல்லதுதான். அதைப் பந்தி முடிந்தபின் காட்டலாம்.

எல்லாவற்றையும்விட அதிகமாகத் தவறு நேரும் இடம் கிண்டல். எங்கள் பெரியம்மா வகுத்த சட்டம் ஒன்று உண்டு: "பாத்திரம் வைக்காதவனுக்கு வாய் கிடையாது." அதாவது, சமைத்துக் கொண்டுவந்து தன் சட்டியையும் கிண்டலுக்கு வைத்தவருக்கே மற்றவர் சட்டியைக் கிண்டல் செய்யும் உரிமை உண்டு. இந்தச் சட்டம் பிறந்ததற்கு நான்தான் காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுப்பங்கரைப் பக்கமே போகாதவனாக இருந்த காலத்தில், மதினி சுட்ட அச்சு முறுக்கை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "மதினி, இதை வச்சு வைகைக்குக் கரை கட்டிரலாம் போல" என்றேன். மாடியே சிரித்தது. மதினியும் சிரித்தார். ஆனால் அது அவருக்கு எங்கள் வீட்டில் முதல் கிறிஸ்துமஸ். அவருடைய அம்மாவும் அன்று பந்தியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது முறுக்குத் தட்டு அங்கே இல்லை. மறு வருடம் மதினியின் பாத்திரம் இருக்க வேண்டிய இடத்தில், கடையில் வாங்கிய இனிப்பு அட்டைப்பெட்டி ஒன்று, கட்டிய நூல்கூடப் பிரிக்காமல் இருந்தது. அவர் ஒரு வார்த்தையும் குறையாகச் சொல்லவில்லை.

அதற்கடுத்த வருடம் பெரியம்மா என் கையில் அச்சைக் கொடுத்து அடுப்பின் முன் உட்காரவைத்தார். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, விளிம்பு மூழ்காமல் மாவில் தோய்த்து, மீண்டும் எண்ணெயில் இறக்கிக் குலுக்கினால் முறுக்கு பூவாகக் கழன்று விழும் என்று கேட்பதற்கு எளிதாக இருந்தது. அச்சு காயாதபோது மாவு ஒட்டவே இல்லை. அளவுக்கு மீறிக் காய்ந்தபோது ஒட்டிய மாவு சுருண்டு நழுவியது. ஆழமாகத் தோய்த்தபோது மாவு விளிம்பைத் தாண்டி மேலே மூடிக்கொள்ள, கத்தியால் சுரண்ட வேண்டியதாயிற்று. நாற்பது சுட்டதில் பதினொன்று முழுசாகத் தேறின. மதினி அவற்றில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கரை கட்டுறதுக்கு இது பத்தாதே, கொழுந்தனாரே" என்றார். அன்று மாலை அச்சு அவர் கைக்குப் போயிற்று.

எந்தெந்தக் கிண்டல் ஆகாது என்பதை இதிலிருந்து கண்டுகொள்ளலாம். புதிதாக வந்த மருமகளையோ, முதன்முதலாகச் சமைத்த பிள்ளையையோ, சம்பந்தி வீட்டார் முன்னிலையில் எவரையுமோ சீண்டக் கூடாது. குறை சட்டியைப் பற்றியதாக இருக்கலாம், பணத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. "கறித்துண்டைத் தேட டார்ச் லைட் வேணும்" என்பது கேட்க வேடிக்கைதான். ஆட்டுக்கறி விற்கும் விலையில் அரைக் கிலோவை ஏழு வீட்டுக்கும் வரும்படி சமைத்தவருக்கு அது வேடிக்கையாக இராது. "உங்க ஆளுக கைப்பக்குவமே இப்படித்தான்" என்று சாதியையோ ஊரையோ சபையையோ இழுக்கும் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு லந்து என்று பெயரில்லை. போன வருடக் கிண்டலையே இந்த வருடமும் சொல்கிறவருக்கு நாங்கள் ஒரு கொட்டையைப் பிடுங்கிக்கொள்வோம். திருநெல்வேலிச் சொதியை மதுரைக் குழம்பின் காரத்தால் அளப்பதும், முந்திரிக்கொத்தை அதிரசத்தோடு ஒப்பிடுவதும் கிண்டலைவிடப் பெரிய அநியாயம், அதற்குத் தண்டனைதான் இன்னும் வகுக்கவில்லை.

மிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரியாணியை இரவு வரை அண்டாவிலேயே வைத்திருந்து சூடாக்கிச் சாப்பிடக் கூடாது. வெந்த அரிசியில் பெருகும் ஒருவகை பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் சிறு பாத்திரங்களில் பிரித்து, குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவதும் நம் பக்கத்தில் வழக்கமில்லை. ஒரு கை சீனியாவது போட்டுத்தான் தருவார்கள். நான் கறிப் பிரியாணியுடன் வாசலில் நின்ற அந்த வருடம், கீழ்வீட்டு ஐயப்ப சாமி மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும், ஓர் அரவணை டப்பாவுடன் மாடியேறி வந்தார். "பிரியாணி எப்படின்னு சொல்லாமயே விட்டுட்டேன்ல, பொங்கல் கழிச்சு ஒருதரம் செஞ்சு அனுப்புங்க, மார்க்குப் போடுறேன், இந்தா, நானும் பாத்திரம் வச்சாச்சு" என்று டப்பாவைப் பெரியம்மாவின் முன்னால் வைத்தார். பெரியம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இது ஐயப்பன் வீட்டுச் சமையல். உங்க வீட்டுப் பாத்திரம் இன்னும் வரல" என்றார்.